திருடு போன காத்திருப்பு

"என்ன திருடு போச்சு?" என்று கேட்டார் அத்தை.

"ஒண்ணும் திருடு போகல மேடம்."

"எதையாவது உடைச்சுட்டாங்களா?"

"இல்ல. இருந்ததை விட நல்லா ஆக்கிட்டுப் போயிட்டாங்க."

அத்தை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, எதிரே இருந்த மனிதரை நன்றாகப் பார்த்தார். நாற்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி வைத்திருக்கும் வயது. கழுத்துப் பட்டன் வரை பூட்டிய சட்டை. நாற்காலி எந்த நிமிடமும் சரிந்துவிடும் என்பதுபோல அதன் நுனியில் உட்கார்ந்திருந்தார். கொடுத்த காபி ஆறி ஆடை கட்டிவிட்டது. ஆனாலும் தூக்குவதற்கு முன் விரல் நுனியால் டம்ளரைத் தொட்டுச் சூடு பார்த்தார்.

"மாப்பிள்ளை, கதவைச் சாத்துங்க," என்றார் அத்தை. "இது கொஞ்சம் வில்லங்கமான கேஸ் போல இருக்கு."

"சாத்தலாம் அத்தை. உள்ள இருந்து சாத்தவா, வெளிய போய்ச் சாத்தவா?"

தையற்கடைக்கு மேலே இரண்டே அறைகள் கொண்ட துப்பறியும் நிலையம் அது. இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெய்ம்களைப் பிடித்துக்கொண்டிருந்த அத்தை, ஓய்வு பெற்ற மறுநாளே இதைத் திறந்துவிட்டார். வீட்டில் சும்மா இருந்தால் பக்கத்து வீட்டுக்காரர்களைத் துப்பறிய ஆரம்பித்துவிடுவார் என்று குடும்பமே பயந்தது. உதவியாளர், மகளைக் கட்டிய மாப்பிள்ளை. வேலை பார்த்த கம்பெனி மூடிவிட்டதால் 'சும்மா ஒரு மாசம்' என்று வந்தவர், நாற்காலிக்குச் சொந்தமாகக் குஷன் வாங்கிப் போட்டுக்கொண்டு நிரந்தரமாகிவிட்டார். இதில் அத்தைக்கு ஒரு சங்கடம். உதவியாளர் என்றால் திட்ட வேண்டும். மாப்பிள்ளை என்றால் மரியாதை கொடுக்க வேண்டும். ஆகையால் எவ்வளவு கோபம் வந்தாலும் 'ங்க' போட்டே திட்டுவார்.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று வந்தவரிடம் கேட்டார்.

"எச்சரிக்கைப் பலகை செய்யுற கம்பெனி மேடம். 'வழுக்கும் தரை, கவனம்.' 'தலை இடிக்கும், குனிந்து செல்லவும்.' இந்த வாசகமெல்லாம் நான்தான் எழுதுறேன். ஆபீஸ்ல வாசகக்காரர்னு கூப்பிடுவாங்க."

"தரை வழுக்கும்னு எழுத ஒரு தனி ஆளா?" என்றார் மாப்பிள்ளை.

"அப்படிச் சொல்லிடாதீங்க சார். 'தரை வழுக்கும்'னு போட்டா, அது எப்பவுமே வழுக்கும்னு ஆயிடும். 'வழுக்கும் தரை'ன்னா இப்போதைக்கு வழுக்குதுன்னு அர்த்தம். இதை முடிவு பண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு."

"சரி, நடந்ததைச் சொல்லுங்க," என்றார் அத்தை.

வாசகக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "போன மாசம் பெயின்ட் அடிக்க ஆபீஸுக்கு ரெண்டு நாள் லீவு விட்டாங்க. திரும்பி வந்து பாத்தா, நாலு கம்ப்யூட்டர்லயும் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே யாரோ மாத்தியிருக்காங்க. பழசைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டிருக்காங்க. ஆனா பின்னாடி இருக்கிற படம் அதேதான். ஃபைல் எல்லாம் வச்ச இடத்துல இருக்கு. எங்க முதலாளி விளையாடுற சீட்டாட்டம் கூட அதே மூலையில இருக்கு. மேடம், இப்பல்லாம் பட்டனை அமுக்கினா..." அவர் குரல் உடைந்தது. "உடனே ஆன் ஆகுது!"

மாப்பிள்ளை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"முன்னாடி எவ்வளவு நேரம் ஆகும்?"

"காபி போட்டு, குடிச்சு, டம்ளரைக் கழுவி வைக்கலாம். பாதியில நின்னுட்டா ரெண்டாவது காபி."

"அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணுவீங்க?"

வாசகக்காரர் மேஜையைப் பார்த்தார். "பேசுவேன்."

"யார்கிட்ட?"

"பக்கத்து மேஜையில டிசைனர் இருக்காங்க. அவங்ககிட்ட."

"எதைப் பத்தி?"

"மழை வருமா, வராதா. பஸ்ல ஏன் இவ்வளவு கூட்டம். ஒரு தடவை ஸ்டேப்ளரைப் பத்தி ரொம்ப நேரம் பேசினோம்."

"எத்தனை வருஷமா இப்படி?"

"நாலு."

அத்தை மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மின்விசிறியைப் பார்த்தார்.

"இப்ப அந்த நேரமே இல்ல மேடம். பட்டனை அமுக்கினதும் வேலை வந்து எதிர்ல நிக்குது. அவங்க அந்தப் பக்கம் திரும்பிடுறாங்க, நான் இந்தப் பக்கம். ஒரு மாசமா குட்மார்னிங்கோட சரி. போன வாரம் திடீர்னு ராஜினாமா கொடுத்துட்டாங்க. யாருக்குமே தெரியாது. முதலாளியே ஆடிப் போயிட்டார். வேற ஊர்ல வேலையாம். இன்னிக்குத்தான் கடைசி நாள்."

"அவங்ககிட்ட ஏதோ சொல்லணும்னு வச்சிருக்கீங்க. அப்படித்தானே?"

"நாலு வருஷமா வச்சிருக்கேன். வாசகம் கிட்டத்தட்ட முடிவாகுற நிலையில இருந்துச்சு."

"நேராப் போய்ச் சொல்லிட வேண்டியதுதானே சார்?" என்றார் மாப்பிள்ளை.

ஓடுகிற பஸ்ஸிலிருந்து குதிக்கச் சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல வாசகக்காரர் அவரைப் பார்த்தார். பிறகு அத்தை பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "யார் பண்ணாங்கன்னு கண்டுபிடிங்க மேடம். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பழைய சிஸ்டத்தைத் திரும்பப் போட வச்சிடுங்க. ஒரே ஒரு தடவை, மெதுவா ஆன் ஆனாப் போதும். அந்த நேரத்துல சொல்லிடுவேன். ஆனா நான்தான் உங்களைக் கூப்பிட்டேன்னு ஆபீஸ்ல யாருக்கும் தெரியக் கூடாது."

அத்தை கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "எழுந்திருங்க மாப்பிள்ளை. குஷன் எங்கயும் போயிடாது."

* * *

பலகைக் கம்பெனி மூன்றாவது மாடியில் இருந்தது. வாசலில் 'உள்ளே நாய் உள்ளது' என்று வரிசையாக ஆறு பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. மாப்பிள்ளை ஒரு காலை உயர்த்தியபடியே நின்றுவிட்டார்.

"பயப்படாதீங்க, அது ஆர்டர்," என்றபடி வந்தார் முதலாளி. பெருத்த உடம்பு, சிவந்த முகம். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை ஒதுக்கிக்கொண்டே பேசினார். "யாரு நீங்க?"

"துப்பறியுறவங்க. உங்க கம்ப்யூட்டர் விஷயமா வந்திருக்கோம்."

"யார் கூப்பிட்டாங்க?"

"அதைச் சொல்றதில்லைங்க."

அவர்களுக்குப் பின்னாலேயே மூச்சு வாங்கப் படியேறி வந்த வாசகக்காரர், அத்தையை வாழ்க்கையில் பார்த்ததே இல்லாதவர்போல முகத்தை வைத்துக்கொண்டு கடந்து போனார். நாலடி போனதும் தாங்க முடியாமல் திரும்பி, "பாத்து வாங்க மேடம், அங்க ஒரு சின்னப் படி இருக்கு," என்றார்.

முதலாளி அவர்களைத் தன் மேஜைக்கு அழைத்துப் போனார். "நானே யாரையாவது கூப்பிடணும்னு இருந்தேன். என் நிலைமை யாருக்கும் வரக் கூடாது. இத்தனை வருஷமா கஸ்டமர் போன் பண்ணா, 'சிஸ்டம் ஸ்லோவா இருக்கு சார், நாளைக்குத் தரேன்'னு சொல்லுவேன். இப்ப என்னத்தைச் சொல்றது? வேலை முடிஞ்சு போயிடுது! நேத்து ஒரு ஆர்டரைச் சொன்ன தேதிக்கு முன்னாடியே கொடுத்துட்டோம். அந்த மனுஷன் பயந்துட்டார். 'ஏன் சார், கம்பெனியை மூடப் போறீங்களா'ன்னு கேக்குறார்."

"எதாவது காணாமப் போச்சா?"

"என் நிம்மதி."

"யார் மேல சந்தேகம்?"

"எல்லார் மேலயும். எல்லாரும் வேலை செய்யுறாங்க. பாக்கவே பயமா இருக்கு."

அடுத்த மேஜையில் கணக்கர் இருந்தார். கண்ணுக்குக் கீழே கருவளையம். "நான் காலையில மெஷினை ஆன் பண்ணிட்டு ஒரு குட்டித் தூக்கம் போடுவேன்," என்றார் வெட்கமே இல்லாமல். "அதுவும் நானும் ஒண்ணா எழுந்திருப்போம். இப்ப அது எனக்கு முன்னாடி எழுந்து உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குது. குழந்தை பொறந்த வீடு மாதிரி ஆயிடுச்சு என் நிலைமை."

"உங்களுக்கு யார் மேல?"

"எதிர்ல இருக்கிற ரிப்பேர்காரர்தான். இந்தத் தெருவுல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆளு அவர் ஒருத்தர்தான். பெயின்ட் அடிச்ச ரெண்டு நாளும் ஆபீஸ் கதவு திறந்தே கிடந்துச்சு. யாரு வேணும்னாலும் வந்திருக்கலாம்."

கடைசியில், ஜன்னல் ஓரமாக, டிசைனர் தன் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். முப்பத்தைந்து வயதுக்குரிய நிதானம். அட்டைப் பெட்டிக்குள் ஒரு தொட்டிச் செடி, குடை, கலர் பேனாக்கள்.

"இன்னிக்குக் கடைசி நாளாமே?" என்றார் அத்தை.

"ஆமா மேடம். சாயங்காலம் வரைக்கும் இருக்கணும்னு இல்ல. பெட்டி கட்டினதும் கிளம்பலாம்னு முதலாளி சொல்லிட்டார்."

அரைத் தெரு தூரத்தில் இருப்பவருக்கும் கேட்கும்படியாக வாசகக்காரர் கையிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

"புது சிஸ்டம் எப்படி இருக்கு?"

"வேகமா இருக்கு. ஆனா வேகமாயிட்டா எல்லாம் நடந்துடும்னு நினைச்சா, அது தப்பு மேடம்." டிசைனர் ஒரு நொடி வாசகக்காரர் பக்கம் பார்த்தார். அவர் அந்த நேரம் பார்த்து, தலைக்கு மேலே மின்விசிறியின் ஆணி சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அத்தையின் காதருகே குனிந்தார். "அத்தை, நமக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இல்ல. அந்தப் பெட்டியில இன்னும் ஒரு டம்ளரும் ஸ்டேப்ளரும்தான் வைக்கணும்."

"அதான் நானும் பாத்தேன். வாங்க, ரிப்பேர்காரரைப் பிடிப்போம்."

* * *

ரிப்பேர் கடையில் ஒரு ஈ கூட இல்லை. ஓட்டுவதற்காவது ஒன்று வராதா என்று அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ரிப்பேர்காரர்.

"எதிர் ஆபீஸ்ல சிஸ்டத்தை மாத்தினது நீங்கதான்னு சொல்றாங்க," என்றார் அத்தை.

அவர் சிரித்தார். கொஞ்ச நேரத்தில் அது அழுகை மாதிரி மாறியது. "நானா மேடம்? நாலு மெஷின். வாரத்துக்கு ஒண்ணாவது என்கிட்ட வரும். ஒண்ணை முடிச்சுக் கொடுத்தா அடுத்தது படுத்துக்கும். அவ்வளவு விசுவாசமான மெஷினுங்க. ஒரு மாசமா ஒண்ணுகூட வரல. முந்தாநாள் நானே மேல போய், 'எதாவது சத்தம் கேக்குதா, லேசா சூடாகுதா'ன்னு விசாரிச்சுட்டு வந்தேன். எல்லாம் நல்லா இருக்குன்னுட்டாங்க. மனசே விட்டுப் போச்சு."

"காய்ச்சல் இருக்கான்னு வீடு வீடாக் கேக்குற டாக்டர்," என்றார் மாப்பிள்ளை.

"கிண்டல் பண்ணுங்க சார். யாரோ என் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான். ஆனா ஒண்ணு சொல்லுவேன். போட்டவன் கைகாரன். அவசரத்துல பண்ணல. ஒவ்வொரு ஆளுக்கும் என்ன பழக்கம்னு பாத்துப் பாத்து வச்சிருக்கான்."

"அப்ப வெளியாள் இல்ல," என்றார் அத்தை.

"அதை நீங்க பேரைப் பாத்துக் கண்டுபிடிக்கலாமே."

"எந்தப் பேரு?"

"லினக்ஸ் போடும்போது நடுவுல அது ஒரு கேள்வி கேக்கும் மேடம். இந்த மெஷினுக்கு என்ன பேருன்னு. நாம பாட்டுக்குச் சோம்பேறித்தனமா பிசி ஒண்ணு, பிசி ரெண்டுன்னு அடிச்சுட்டுப் போயிடுவோம். ஆனா இவ்வளவு ரசிச்சுப் பண்ணின ஆளு அப்படி வச்சிருக்க மாட்டான். அந்த நாலு மெஷின்லருந்தும் ஒரு பக்கம் பிரின்ட் கொடுக்கச் சொல்லுங்க. எந்த மெஷின் அனுப்புச்சுன்னு பிரின்டர்ல பேரு ஓடும்."

அத்தை அதற்குள் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை பின்னால் ஓடினார். அவர் பின்னால் ரிப்பேர்காரர் கடையை இழுத்துப் பூட்டினார். "நானும் வர்றேன். இங்க இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?"

* * *

அத்தையின் உத்தரவுப்படி நான்கு பேரும் ஆளுக்கொரு வெற்றுத்தாளை பிரின்ட் கொடுத்தார்கள். மூலையில் இருந்த பிரின்டர் கனைத்துக்கொண்டு எழுந்தது. அதன் சின்னத் திரையில் ஆங்கில எழுத்துகளில் தமிழ் ஓடியது. மாப்பிள்ளை கண்ணை இடுக்கிக்கொண்டு சத்தமாகப் படித்தார்.

"முதலாளி மெஷின் பேரு... 'உயர் மின் அழுத்தம்'."

முதலாளி இன்னொரு மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"கணக்கர் மெஷின், 'சத்தம் போடாதீர்'."

கணக்கர் திடுக்கிட்டுக் கண் விழித்தார்.

"அடுத்தது வாசகக்காரர். 'வண்டி நிறுத்துமிடம்'."

"எனக்கு வண்டி கிடையாதே?" என்றார் வாசகக்காரர் குழப்பத்துடன்.

"கடைசி, டிசைனர் மெஷின். 'வெளியேறும் வழி'."

மாப்பிள்ளையின் முகத்தில் வெளிச்சம் அடித்தது. அத்தையின் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். "அத்தை, கேஸ் முடிஞ்சுது. நாலும் பலகை வாசகம். இங்க வாசகம் எழுதுறது ஒரே ஒரு ஆள்தான். நம்ம கட்சிக்காரரே பண்ணிட்டு, நம்மகிட்டயே வந்து அழுதிருக்கார். எனக்கு அந்த ஆள் டம்ளரைத் தொட்டுப் பாத்தப்பவே சந்தேகம்."

"அவரே அவருக்கு 'வண்டி நிறுத்துமிடம்'னு பேரு வச்சுக்கிட்டாரா?"

"தன்னடக்கம் அத்தை."

"தன்னடக்கத்தைக் கொஞ்சம் நீங்களும் பழகுங்க. இந்த ஆபீஸ் சுவர் பூரா வாசகம்தான். இங்க வேலை பாக்குற யாருக்கும் அது தலைகீழ்ப் பாடம். அதை விடுங்க. கடைசிப் பேரை மட்டும் பாருங்க. சிஸ்டத்தை மாத்தினது எப்போ?"

"பெயின்ட் அடிச்சப்போ. போன மாசம்."

"அப்பவே பேரும் வச்சாச்சு. டிசைனர் ராஜினாமா கொடுத்தது?"

"போன வாரம். முதலாளிக்கே தெரியாது, ஆடிப் போயிட்டார்னு..." மாப்பிள்ளையின் குரல் மெல்ல இறங்கியது.

"அப்படின்னா, அவங்க வெளியேறப் போறாங்கன்னு போன மாசமே தெரிஞ்ச ஆளு இந்த உலகத்துல எத்தனை பேரு?"

மாப்பிள்ளை திரும்பி ஜன்னல் ஓரத்தைப் பார்த்தார். டிசைனர் கையில் ஸ்டேப்ளரை வைத்துக்கொண்டு, அதைப் பெட்டியில் வைக்காமல், இவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு மாசம் ஆச்சு," என்றார் அவர். "ஒரு பக்கம் பிரின்ட் எடுத்தாத் தெரியுற விஷயம். இத்தனை நாள்ல இந்த ஆபீஸ்ல ஒருத்தர் கூட அந்தத் திரையைப் பாக்கல."

"நீங்களா?" முதலாளி பக்கத்திலிருந்த பலகையில் கையை ஊன்றிக்கொண்டார். "ஏம்மா? நான் உனக்கு என்னம்மா கெடுதல் பண்ணேன்?"

"உங்களுக்காகப் பண்ணல சார். உங்க மெஷினை மட்டும் விட்டா நல்லா இருக்காதேன்னு சேத்துப் பண்ணேன். பெயின்டர்ங்ககிட்ட கலர் பாக்க வந்தேன்னு சொன்னேன். ரெண்டு நாள். அவங்க சுவத்தைப் புதுசாக்கினாங்க, நான் இதைப் புதுசாக்கினேன்."

"எதுக்கு?" என்றார் அத்தை. விடை தெரிந்தே கேட்டார். இந்த விடை தன் வாயால் வரக் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

டிசைனர் ஸ்டேப்ளரை மேஜையில் வைத்தார். "நாலு வருஷம் மேடம். தினமும் காலையில ஒருத்தர் பேச ஆரம்பிப்பார். மழையில ஆரம்பிப்பார், பஸ்ஸுக்கு வருவார், அப்புறம் குரல் லேசா மாறும். இதோ, சொல்லப் போறார்னு எனக்குத் தெரியும். சரியா அந்த இடத்துல மெஷின் ஆன் ஆயிடும். உடனே, 'சரி, வேலையைப் பாப்போம்'னு திரும்பிடுவார். அப்ப அவர் முகத்துல ஒரு நிம்மதி வரும் பாருங்க, கிணத்துல விழப் போனவரை யாரோ பிடிச்சு இழுத்த மாதிரி. அந்த மெஷின்தான் இவரைக் காப்பாத்திக்கிட்டே இருந்துச்சு. அதான் அதை எடுத்துட்டேன். சாக்கு இல்லாமப் போனா எழுந்து வருவார்னு நினைச்சேன்."

எல்லோரும் வாசகக்காரரைப் பார்த்தார்கள். அவர் தன் மேஜையைப் பார்த்தார்.

"எழுந்து போனார்," என்று முடித்தார் டிசைனர். "உங்ககிட்ட. உங்களை யாரு கூட்டிட்டு வந்தாங்கன்னு அந்தப் படியைப் பத்திச் சொன்னப்பவே தெரிஞ்சு போச்சு. துப்பறியுறவங்களை வைக்குற அளவுக்குத் தைரியம் இருக்கு. இந்த மேஜையிலருந்து அந்த மேஜைக்கு வர்றதுக்கு இல்ல."

"எனக்கு..." வாசகக்காரர் மேஜையிலிருந்து கண்ணை எடுத்தார். "எனக்குப் புரியுற மாதிரி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நீங்க."

"சொன்னேனே. எழுதியே வச்சேன். தினமும் காலையில உங்க கண்ணுக்கு நேரா வந்து நிக்குது."

"எங்க?"

அத்தைக்கே இது புதுச் செய்தி. அவர் புருவம் மேலே போனது. பிறகு மெல்ல இறங்கியது. "ஐயா, உங்க மெஷினை ஒரு தடவை அணைச்சுட்டு மறுபடி போடுங்க," என்றார்.

வாசகக்காரர் அணைத்தார். பட்டனை அமுக்கினார். அமுக்கிய கையோடு தலையைத் திருப்பி டிசைனரைப் பார்த்தார்.

"அங்க இல்ல!" என்று அதட்டினார் அத்தை. "தினமும் இதைத்தான் பண்ணியிருக்கீங்க. பட்டன்ல கை, பக்கத்து மேஜையில கண்ணு. ஸ்க்ரீனைப் பாருங்க."

கறுப்புத் திரையில் இரண்டே வரிகள் நின்றன. ஓரத்தில் ஓர் எண் பத்து, ஒன்பது என்று இறங்கிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை எட்டிப் பார்த்துப் படித்தார். இந்த முறை அவர் குரலில் கிண்டல் இல்லை.

"மேல இருக்கிறது, 'பழையபடி உட்கார்ந்து காத்திருக்க'. கீழ இருக்கிறது, 'எழுந்து வந்து கேட்க'."

"அட!" என்றார் பின்னாலிருந்து ரிப்பேர்காரர். "இதுல மட்டும் பழசை அழிக்கல! ரெண்டு சிஸ்டமும் இருக்கு. மேல் வரியை அமுக்கினாப் பழசு வரும். எதையும் அமுக்காம விட்டா அதுவே கீழ் வரிக்குப் போயிடும்."

"சும்மா விட்டாலும் கீழ் வரிக்குப் போகட்டும்னுதான் வச்சேன்," என்றார் டிசைனர். "தினமும் மெஷின் போயிட்டுத்தான் இருக்கு. இவர்தான் போகல."

எண் ஆறுக்கு வந்தது. வாசகக்காரர் கை விசைப்பலகை மேல் நீண்டது. காலையில் கண்ணீரோடு கேட்டு வந்தது ஒரு விரல் தூரத்தில் இருந்தது. மேல்நோக்கிய அம்பு விசையையும் என்டரையும் தட்டினால் போதும். பழைய சிஸ்டம் முனகிக்கொண்டு எழும். ஒரு காபி நேரம் கிடைக்கும். மழையைப் பற்றிப் பேசலாம்.

"சார், வேண்டாம்," என்றார் மாப்பிள்ளை மெதுவாக.

நான்கு. மூன்று. விரல் அம்பு விசையின் மேல் நின்றது. கணக்கர் முழுதாக விழித்திருந்தார். முதலாளி மாத்திரையைச் சப்புவதை நிறுத்தியிருந்தார்.

வாசகக்காரர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எண் தீர்ந்தது. மெஷின் கீழ் வரிக்குப் போனது.

அவரும் எழுந்தார். நாற்காலி பின்னால் சரிந்து விழுந்தது. அதைத் தூக்கி நிறுத்தாமலே நடந்தார். இரண்டு மேஜைக்கும் நடுவே ஒரு நாற்காலி அகலம்தான் இருக்கும். அதைக் கடக்க அவருக்கு ஓர் ஆற்றைக் கடக்கிற நேரமானது. டிசைனரின் எதிரே போய் நின்று, வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார்.

"வந்து... இதை 'விருப்பமிருந்தால்'னு ஆரம்பிக்கணுமா, இல்ல..."

"யோவ், வாசகம் வேண்டாம்யா! விஷயத்தைச் சொல்லு!" என்று கத்தியவர் முதலாளி.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?"

டிசைனர் மேஜைப் பக்கம் திரும்பினார். ஸ்டேப்ளரை எடுத்துப் பெட்டியில் வைத்தார். குடையைச் சரிசெய்தார். பிறகு நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

"சரி," என்றார். "ஆனா வேலையை விட்டது விட்டதுதான். அந்த ஊருக்கு நீங்கதான் வரணும்."

"அங்க எனக்கு என்ன வேலை இருக்கும்?"

"அங்கயும் ஜனங்க தடுக்கி விழுறாங்க. யாராவது எழுதித்தான் ஆகணும்."

முதலாளி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு பேரும் போயிட்டா நான் என்னய்யா பண்ணுவேன்?"

"கஸ்டமர்கிட்ட சொல்லுங்க சார்," என்றார் மாப்பிள்ளை. "ஆள் இல்ல, நாளைக்குத் தரேன்னு."

முதலாளியின் முகத்தில் ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது.

* * *

அத்தையும் மாப்பிள்ளையும் இரண்டாவது மாடி திரும்பியபோது, மேலிருந்து தடதடவென்று காலடிச் சத்தம். வாசகக்காரர்.

"மேடம், ஒரு நிமிஷம். இன்னொரு சின்னக் கேஸ்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அவங்க சரின்னு சொன்னாங்க இல்ல? அது நிஜமான சரியா, இல்ல எல்லாரும் பாக்குறாங்களேன்னு சொன்ன சரியான்னு கொஞ்சம் கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து டிசைனரின் குரல் வந்தது. "இந்தப் பெட்டியைத் தூக்க யாராவது வர்றீங்களா, இல்ல நானே தூக்கணுமா?"

வாசகக்காரர் பதிலுக்குக் காத்திராமல் மேலே ஓடினார்.

"அத்தை," என்றார் தெருவுக்கு வந்ததும் மாப்பிள்ளை. "இந்தக் கேஸ்ல நாம ஜெயிச்சோமா, தோத்தோமா? பழைய சிஸ்டத்தைத் திரும்ப வாங்கிக் கொடுக்கச் சொல்லித்தானே வந்தார்? அது அவர் மெஷின்லயே இருந்துச்சு."

"கண்டுபிடிச்சுக் கொடுத்தோம் இல்ல? வேணாம்னு சொன்னது அவரு."

"நல்லாப் பேசுறீங்க. ஆமா, நான் உங்க பொண்ணைக் கேட்டப்போ இவ்வளவு நேரம் எடுத்துக்கல, தெரியுமா?"

"நீங்க எங்க கேட்டீங்க? அவதானே கேட்டா."

"அதுவும் சரிதான். நான் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்றதுக்குள்ள, நீங்க என் பழைய ஆபீஸ், பள்ளிக்கூடம், முடி வெட்டுற கடை எல்லாம் விசாரிச்சு முடிச்சிருந்தீங்க."

"முடி வெட்டுறவர் மட்டும்தான் உங்களைப் பத்தி நல்லதாச் சொன்னார்."

எதிரே பஸ் நிறுத்தத்தில் அந்த இருவரும் வந்து நின்றார்கள். வாசகக்காரர் இரண்டு கைகளிலும் பெட்டியை அணைத்துப் பிடித்திருந்தார். தொட்டிச் செடியின் இலைகள் அவர் மூக்கில் உரசின. அதை விலக்கக்கூடத் தோன்றாமல் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். டிசைனர் சிரித்தார். ஒரு பஸ் வந்து நின்றது. இருவரும் பேச்சை நிறுத்தாமலே ஏறினார்கள்.

மாப்பிள்ளை பஸ்ஸின் நெற்றியைப் படித்துவிட்டுத் துள்ளினார். "அத்தை! அது ஊருக்கு வெளிய போற பஸ். பேச்சு மும்முரத்துல போர்டைப் பாக்காம ஏறிட்டாங்க. ஓடிப் போய்ச் சொல்லட்டுமா?"

"தெரியும் மாப்பிள்ளை," என்றார் அத்தை. "நீங்க சும்மா வாங்க."